ஆமை விழுந்த இடம்

அன்பு மகன் வீரையாவுக்கு,

இதை எழுதுகிறவன் உன் அப்பன்தான், வேறு யாருமில்லை. வரிகள் மேலே ஏறிக் கீழே இறங்குவதைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸில் பால்காரச் சேர்வையின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், பிண்ணாக்கு மூட்டையின் மேல் ஒரு பலகையைப் போட்டு எழுதுகிறேன். காலையில் மாடுகளைக் கழுவி முடித்ததும் உட்கார்ந்தேன். கோப்பி ஆறி, ஆடை கட்டி, அதில் ஒரு ஈயும் விழுந்துவிட்டது. நான் இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் தம்பி, இந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! மனதில் கிடந்த ஒரு சொல் கை வழியாக இறங்கி வந்து தாளில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது. திரும்பப் படித்தால் அதே சொல்லைச் சொல்கிறது. எழுதினதைப் படித்துப் படித்து நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, பெரியவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சேர்வை வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். செல்லத்திடம் சொல், அவள் கரித்துண்டால் தரையில் எழுதிக் காட்டியது வீண் போகவில்லை. மாமனாருக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த மருமகள் இந்தச் சீமையில் வேறு யாருக்கும் வாய்த்திருக்க மாட்டாள்.

சந்தோஷமாக எழுதுகிறேனே தவிர, எழுதப் போவது சந்தோஷமான சங்கதி இல்லை. எழுதப் பழகின கைக்கு முதன்முதலில் நல்ல சேதியாகக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. ஆகையால் இதை நீ மட்டும் தனியாகப் படி. செல்லத்துக்குச் சொல்ல வேண்டியதை நீயே பிறகு சொல்லிக்கொள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் படித்துவிடு.

இதை வாயால் சொல்வதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறி வந்தேன். உன் மாமியார் வீட்டு வாசலில் கால் வைக்கும்போது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நீங்கள் எல்லோரும் எப்படிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்! மாமியார் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். என் பேத்தி சிட்டு உன் தோளில் உட்கார்ந்து உன் தலைமயிரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா சுவரோரமாக நின்று உன்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

"ஏன் தம்பி, பொறந்ததுலேருந்து பாக்காத ஊருக்கு இப்படித் துள்ளிக்கிட்டுப் போறியே, அங்க என்ன இருக்கு?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! கொளம் இருக்கு. கடலு மாதிரி கெடக்குமாம். எறங்கப் படிக்கட்டு, கரையில ஆலமரம். சிட்டுவ மொத நாளே அதுலதான் எறக்கி விடப் போறேன்."

"மீனு இருக்குமா?"

"இதோ அப்பா வந்துட்டாரு. அவரையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன சொன்னேன்? "உண்டும்மா. கெண்டை, விரால் எல்லாம் உண்டு" என்றேன். பிறகு ஓர் அப்பம் தின்றேன், கோப்பி குடித்தேன், சிட்டுவை முத்தமிட்டேன், சாயங்கால ரயிலில் திரும்பி வந்துவிட்டேன். பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவன் நான் அழுவதைப் பார்த்து ஒரு வாழைப்பழம் கொடுத்தான். வாய் செய்ய மாட்டேன் என்கிற வேலையைக் கை செய்யுமா என்று பார்ப்போம் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

அந்தக் குளம் உனக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அப்போது நீ பால்பல் விழாத பிள்ளை. வடக்கே காட்டுக்குள் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தில் இருந்தோம். சுற்றிலும் சதுப்பு, கொசு. உனக்குக் காய்ச்சல் வந்து உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. ஆஸ்பத்திரிக்காரர் கொயினாத் தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, இது உள்ளே போனால் பிழைப்பான், போகாவிட்டால் என்னைக் கேட்காதே என்று போய்விட்டார். உன் அம்மா தூளைத் தேனில் குழைத்து வைத்துக்கொண்டு கெஞ்சினாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். மூக்கைப் பிடித்தோம், அடித்தோம், உன் அம்மா அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பல்லைத் திறக்காமலே முனகினாய்: "வாயத் தொறந்தா செத்துப் போயிருவேன். ஆமை செத்துப்போச்சுல்ல?"

அடுத்த கூடாரத்துப் பிள்ளைகள் உனக்குச் சொல்லியிருந்த கதை அது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். குளம் வற்றிப் போகிறது. இரண்டு கொக்குகள் ஒரு குச்சியின் இரண்டு முனைகளையும் அலகால் பிடித்துக்கொள்ள, நடுவில் ஆமை வாயால் கவ்விக்கொண்டு பறக்கிறது. கீழே நிற்கிற ஜனங்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆமை பதில் சொல்ல வாயைத் திறக்கிறது. காய்ச்சலில் கிடந்த உனக்கு நீயே அந்த ஆமையாகத் தோன்றிவிட்டது போலிருக்கிறது.

"எவன்டா சொன்னான் செத்துப்போச்சுன்னு?" என்றேன் நான். "அது எங்க விழுந்துச்சு தெரியுமா? நம்ம ஊருக் கொளத்துல. தொப்புன்னு."

"நம்ம ஊருக் கொளமா?" என்று கேட்க வாயைத் திறந்தாய் பார், உன் அம்மா அந்த நொடியில் விரலோடு உள்ளே தள்ளிவிட்டாள். பாதியைத் துப்பினாய், பாதி இறங்கியது. நீ பிழைத்தாய். அந்த மழைக்காலத்தில் பிழைக்காத பிள்ளைகளும் அந்தக் கூடாரங்களில் உண்டு. ஆகையால் அன்றைக்குச் சொன்ன பொய்க்கு நான் வருத்தப்படவில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் மருந்து நின்ற பிறகும் நீ கதையை விடவில்லையே! தினமும் கேட்டாய். எவ்வளவு தண்ணீர்? படி இருக்குமா? ஆமையை யார் பார்த்தார்கள்? நான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். படிக்கட்டு வைத்தேன், ஆலமரம் நட்டேன். உன் பெரியப்பாவைக் கரையில் காவலுக்கு உட்கார வைத்தேன். அவர் ஆமையைத் தூக்கித் தடவிக் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விட்டார் என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் கதையாகிவிட்டது. ஆமை வேறு எங்காவது விழுந்திருக்கும் என்கிற நினைப்பே எனக்குப் போய்விட்டது.

நீங்கள் கிள்ளானுக்குப் போன பிறகு, செல்லம் விட்டுப் போன அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தை நானாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டினால் மேலே படம்: இரண்டு கொக்கு, ஒரு குச்சி, நடுவில் நம் ஆமை! தம்பி, தொலைந்துபோன சொந்தக்காரனைச் சந்தைக்கூட்டத்தில் பார்த்தது போல இருந்தது. எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, உரக்கப் படித்தேன். மாடுகள் அசைபோடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தன. சேர்வை வேலிக்கு அப்பால் நின்று, "என்ன பெரியவரே, மாட்டுக்குப் பாடம் நடக்குதா? பாத்துக்குங்க, படிச்ச மாடு பால் கறக்க விடாது" என்றார். "நீங்க படிக்கலியே, நீங்க எவ்வளவு கறக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் கடைசிப் பத்திக்கு வந்தேன். ஆமை பாறைமேல் விழுந்தது என்று போட்டிருந்தது. ஓடு உடைந்தது என்று போட்டிருந்தது. சிரித்தவர்களே ஓடி வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று போட்டிருந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை முறை படித்தாலும் பாறைதான். அடியில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள்: வேண்டாத பேச்சு பேசினால் கெட்டுப் போவாய் என்று.

அதற்குப் பிறகு மாட்டுக்குப் புல் போடும்போதும் சாணி அள்ளும்போதும் அந்த ஒரு பக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு எழுதின கதையில் பெரியவர்கள் பார்க்க வேண்டியது எவ்வளவோ கிடக்கிறது. குளம் வற்றியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் இருக்கிற குளத்தை விட்டு எந்த ஆமை குச்சியைக் கவ்வும்? பறக்க ஆசைப்பட்டது என்று சிரிக்கிறோம். அது பறக்க ஆசைப்படவில்லை, குடிக்க ஆசைப்பட்டது. இன்னொன்று பார். அந்தக் கொக்குகளும் குச்சியை வாயால்தான் பிடித்திருந்தன. அவை வாயைத் திறந்திருந்தால் அவற்றுக்கு என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, இறக்கை இருக்கிறது. அப்போதும் ஆமைதான் விழுந்திருக்கும். யார் பேசினாலும் விழுகிறவன் ஒருவனே என்றால், பேச்சினால் விழுந்தான் என்று எப்படிச் சொல்வது? கையும் இறக்கையும் இல்லாதவன், பேசுவதற்கு இருக்கிற ஒரே வாயைப் பிடிமானத்துக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவன் கஷ்டம் அது. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கீழே நின்று சிரித்தவர்களுக்கு ஒரு புத்தியும் சொல்லவில்லை.

உனக்கு வேலை போன விஷயத்தையும் அதோடு சேர்த்துத்தான் யோசித்தேன். நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் வேலை மேய்க்கிற மண்டோர் சொல்லித் திரிவது வேறு, நீ சிரித்துக்கொண்டு சொன்னது வேறு. நான் வருடக்கணக்காகத் தண்டவாளத் தூக்கலுக்குக் குரல் கொடுத்தவன். அந்த வேலையின் சட்டம் எனக்குத் தெரியும். இரண்டு வரிசையாக ஆட்கள் இடுக்கியால் தண்டவாளத்தைக் கவ்வித் தூக்கினால், அது தரையில் திரும்ப உட்காரும் வரைக்கும் ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும். மற்றவன் இருமக்கூடக் கூடாது. குரல் இரண்டானால் கால் இரண்டு திசையில் போகும், இரும்பு யார் மேலாவது விழும். அந்தச் சட்டம் ஆளைக் காப்பாற்றுகிற சட்டம். உனக்கு அதைப் பழக்கினவனும் நான்தான். அன்றைக்கு மழைக்குப் பிறகு சல்லிக்கல்லில் முனியாண்டி சறுக்கி, அவன் கால் பாதையில் பதித்த சிலிப்பர் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டியதை, அவனுக்கு எதிரே நின்ற நீ பார்த்தாய். குரல் கொடுப்பவன் முன்னால் நின்றான், அவனுக்குத் தெரியவில்லை. "இறக்கு" என்று அவன் சொல்ல வாயெடுக்கும்போது நீ "நில்லு" என்று கத்தினாய். பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் இறக்கினார்கள். முனியாண்டி காலை இழுத்துக்கொண்டான். இரும்பின் மறுமுனை துரையின் டிராலி வண்டிமேல் சாய்ந்து அதன் சக்கரத்தை நொறுக்கிவிட்டது.

மண்டோர் வந்து கேட்டதை, அங்கிருந்த ஆட்கள் எனக்குச் சொன்னார்கள்.

"எவன்டா வாயத் தொறந்தது?"

"நான்தான்" என்றாய்.

"நீ கொரல் குடுக்கிறவனா?"

"இல்ல."

"பொறவு என்ன மயித்துக்குடா தொறந்தே?"

"முனியாண்டி அண்ணன் காலு அடியில கெடந்துச்சு."

மண்டோர் முனியாண்டியைத் திரும்பிப் பார்த்து, "ஒன் காலு எங்கடா கெடந்துச்சு?" என்றான். முனியாண்டி தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "என் காலு என்கிட்டதானுங்க இருந்துச்சு" என்றானாம். எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். நீயும் சிரித்தாயாம்.

ரப்பர் விலை விழுந்து, ரயிலில் சரக்குக் குறைந்து, ஆள் குறைக்கிற காலம் வந்தபோது பெயர்ப்பட்டியல் எழுதுகிற கிராணிக்கு முதலில் ஞாபகம் வந்த பெயர் உன்னுடையது. குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்ன நாளன்று நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? மூட்டையைக் கட்டிக்கொண்டே, "விடுங்கப்பா, விழுந்தா நம்ம ஊருக் கொளத்துலதானே" என்றாய். அப்போது நானும் சிரித்தேன்.

முனியாண்டியை நீ கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் போன வாரம் கொட்டகைக்கு வந்தான். ரொம்ப நேரம் மாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அண்ணே, புள்ளகுட்டிக்காரன்ணே" என்றான். கோப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, நொண்டாமல் நடந்து போனான். அவன் நடையை ரோட்டுச் சடக்கு முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ செய்தது அது. வேண்டாத பேச்சு என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தம்பி, பாறைக்கு அது தெரியாது. நல்லதற்கு வாய் திறந்தவனையும் வீம்புக்கு வாய் திறந்தவனையும் பாறை ஒன்றுபோலத்தான் வாங்கிக்கொள்ளும்.

இனிப் பாறையைப் பற்றி எழுத வேண்டும். இந்த இடத்தில் எழுதுகோலை வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டு வந்தேன்.

நம் ஊரில் குளம் உண்டு. அது பொய் இல்லை. படிக்கட்டும் உண்டு, ஆலமரமும் உண்டு. கிள்ளானில் அந்த அக்காவிடம் மீன் உண்டு என்றேனே, அதுவும் பொய் இல்லை. மீனுக்கு அந்தக் குளத்தில் இடம் உண்டு. நமக்குத்தான் இல்லை. அந்தப் படியில் நம் தெருக்காரர்கள் கால் வைக்கக் கூடாது. குடத்தை எடுத்துக்கொண்டு எட்டத்தில் நிற்க வேண்டும். மேலத்தெருவிலிருந்து வருகிற யாராவது மனமிரங்கி மொண்டு ஊற்றினால் ஏந்திக்கொள்ளலாம். யாரும் வராவிட்டால் நிற்க வேண்டியதுதான். வெயிலோ மழையோ, பிள்ளை அழுதாலோ, நிற்க வேண்டியதுதான். குடித்ததற்குக் கும்பிடவும் வேண்டும்.

மழை பொய்த்த ஒரு வருடம் என் தாயார் சுரம் கண்டு நாக்கு ஒட்டிக் கிடந்தார். உச்சிவெயில் நேரம், கரையில் ஒருவரும் இல்லை. உன் பெரியப்பா குடத்தோடு படியில் இறங்கிவிட்டார். பார்த்துவிட்டார்கள். அந்த ஆலமரத்தில்தான் கட்டிவைத்தார்கள். அவிழ்த்துவிட்ட பிறகு அவர் நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்ததில்லை. கதையில் நான் அவரைக் கரையில் காவலுக்கு உட்கார வைத்தேன் அல்லவா? வேறு எப்படியும் அவரை அந்தக் கரையில் உட்கார வைக்க என்னால் முடிந்திருக்காது. நான் வயிறு காய்ந்து கப்பலேறினேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். வயிறு எந்தச் சீமையிலும் காயும். இங்கேயும் காய்ந்திருக்கிறது. நான் ஓடி வந்தது அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியாமல்தான்.

கிராணி என் பெயரையும், வேலை போனவர்களை ஊருக்கு அனுப்புகிற இலவசக் கப்பலுக்கு எழுதிக்கொள்ள வந்தபோது நான் வரமாட்டேன் என்று சொன்னேன். அம்மாவின் குழிமேட்டை விட்டு வர அப்பாவுக்கு மனமில்லை என்று நீ செல்லத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் அதை ஆமோதித்தேன். உன் அம்மா என் மேல் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளைச் சாக்குச் சொல்லிப் பழக்கம்தான் எனக்கு. நான் வராததற்குக் காரணம் அந்தப் படிக்கட்டு.

அப்படியானால் என்னை மட்டும் ஏன் போகவிடுகிறீர்கள் என்று கேட்பாய். போகாதே என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? இந்தக் கொட்டகையில் நான் படுப்பதே சேர்வையின் தயவு. உன் மாமியார் அப்பம் விற்று எத்தனை வாய்க்குப் போடுவார்? இங்கே வேலை கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் உனக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. கப்பல் வேண்டாம் என்று சொன்னவர்கள் சடக்கோரத்தில் படுத்திருப்பதை நீயே எனக்குக் காட்டினாய். யோசித்துப் பார்த்துவிட்டேன் தம்பி, எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். போகாமல் இருக்க வழியில்லை. போய் நன்றாக இருக்கவும் வழியில்லை. இதை உனக்கு மூடி மறைத்து எழுத நான் எழுத்துக் கற்கவில்லை.

எனக்கு இருக்கிற ஒரே பயத்தைச் சொல்கிறேன். நீ குழாயடியில் வளர்ந்த பிள்ளை. பிரிக்பீல்ட்ஸ் குழாயில் சீனத்தி, மலாய்க்காரி, நம்மவர்கள் எல்லோரும் வாளியை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போடுவார்கள். யார் முந்தி என்றுதான் சண்டை. இங்கேயும் கோயில் வாசலில் நமக்கென்று ஒரு கோடு உண்டு, அது உனக்குத் தெரியும். ஆனால் தண்ணீருக்குக் கோடு உண்டு என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்த கால் என்று யாரும் மன்னிக்க மாட்டார்கள். கப்பலை விட்டு இறங்கி, நடந்து களைத்து ஊருக்குள் நுழைவாய். சிட்டு தண்ணீர் கேட்பாள். எதிரே, நான் சொன்னபடியே, படியும் ஆலமரமும் இருக்கும். அடடா, அப்பா சொன்ன குளம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி இறங்குவாய். அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. உன்னை அந்தப் படியில் இறக்கிவிடுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆகையால் ஊருக்குப் போகாதே. நாகப்பட்டினத்தில் இறங்கினதும் தண்டவாளம் போகிற பக்கமாக நட. எங்கே பாதை வேலை நடக்கிறதோ அங்கே நின்று, மலாய் நாட்டில் பாதை வேலை பார்த்தவன் என்று சொல்லிப் பார். அங்கேயும் ஆள் எடுப்பதில்லை என்றுதான் திரும்பி வந்தவர்கள் சொல்கிறார்கள். கேட்டுப் பார், அவ்வளவுதான். ஒன்றும் கிடைக்காமல் ஊருக்கே போக வேண்டியதாகிவிட்டால், குளத்துக்கு எட்ட நில். செல்லத்தையும் நிற்கச் சொல். அவள் படித்த பெண், ஏன் என்று கேட்பாள். கேட்க வேண்டாம் என்று சொல். சிட்டுவைக் கையை விட்டு இறக்காதே, அவள் தண்ணீரைப் பார்த்தால் ஓடுவாள். யாராவது எதையாவது சொல்லிச் சிரித்தால் பதில் சொல்லாதே. பல்லைக் கடித்துக்கொள். வாயைத் திறக்காதே.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அந்தப் புத்தகத்தின் அடியில் எழுதியிருந்த புத்தியை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று மேலே எழுதினேன். கடைசியில் என் பிள்ளைக்கு நானே என் கையால் அதையே எழுதியிருக்கிறேன். கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் வேறு என்ன எழுதுவது? ஆலமரத்தில் கட்டப்பட்டாலும் கேள் என்று எழுதவா? அப்பனால் அதை எழுத முடியாது. நீ இரும்பு தூக்கும்போதே சும்மா இருக்காதவன். அங்கேயும் இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

இன்னும் ஒன்றுதான். நான் இங்கே வந்த புதிதில் ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் கடைக்காரரிடம் போய் நிற்போம். அவர் எழுதுவார். ஊரிலிருந்து வந்தால் அவரே கடை வாசலில் வைத்து உரக்கப் படிப்பார், சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் கேட்பார்கள். அதனால் இங்கிருந்து போனதெல்லாம் நலம், அங்கிருந்து வந்ததெல்லாம் நலம். என் தாயார் இறந்து புதைத்த பிறகும் எனக்கு நலம் என்றுதான் கடிதம் வந்தது. அடுத்த கப்பலில் வந்த ஒருவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊரே கேட்கும்போது வேறு எதை எழுதுவார்கள்?

உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நீ எழுதுகிற கடிதம் என் கைக்கு மட்டும் வரும். சேர்வை படிக்க மாட்டார், அவருக்குத் தெரியாது. நலம் என்று எழுதாதே. வேலை இல்லையென்றால் இல்லை என்று எழுது. சிட்டுவுக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுது. அடித்தார்கள் என்றால், யார், எங்கே, எதற்கு என்று எழுது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கடலைத் தாண்டி வரவும் முடியாது, பணம் அனுப்பவும் வழியில்லை. ஆனால் நான் படிப்பேன். மெதுவாகத்தான் படிப்பேன், எழுத்துக் கூட்டி, விரல் வைத்து. நடுவில் நிறுத்த மாட்டேன். நீ எந்த இடத்தில் முடித்திருக்கிறாயோ அந்த இடம் வரைக்கும் படிப்பேன்.

தன் கையால் எழுதிய
உன் அப்பன்